முடிகிற தேதி

மருதங்குடி யூனியன் கூட்டத்தில் பெண் உறுப்பினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால்தான் சொர்ணவல்லி அங்கே போய் உட்கார்ந்தாள். யாரைப் போடலாம் என்ற பேச்சு வந்தபோது, எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அதிகம் வாய் பேசாதவளாகவும் இருக்க வேண்டும் என்று சேர்மன் ஏகப்பன் செட்டியார் சொன்னாராம். காரைக்குடியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள், தச்சு வேலை செய்யும் ஆசைத்தம்பியின் மனைவி, வயது முப்பத்தைந்து, இருக்கிற இடம் தெரியாமல் இருப்பவள். எல்லாப் பொருத்தமும் சரியாக அமைந்துவிட்டது.

அவள் பேசாமல் இருந்ததற்கு வெட்கம் காரணமில்லை. படித்துக்கொண்டிருந்ததுதான் காரணம். கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு கட்டுத் தாள் வைத்திருப்பார்கள். மற்ற பதினைந்து உறுப்பினர்களும் அதை மடித்து விசிறிக்கொள்வார்கள். சொர்ணவல்லி முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை வாசிப்பாள். ஒரே கிணற்றை ஏன் இரண்டு பெயரில் எழுதியிருக்கிறார்கள், பள்ளிக்கூடக் கூரையை மாற்ற ஏன் ஓராண்டு ஆகிறது என்று அவளுக்குள் கேள்விகள் ஊறிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் கேட்பாள். "எனக்கென்ன வல்லி தெரியும்? போயி அங்க கேளு," என்பான் ஆசைத்தம்பி, இழைப்புளியை நிறுத்தாமலே. அங்கே கேட்டதில்லை.

அறுபத்திநாலாம் வருஷம் ஐப்பசியில், புதுவயலுக்குப் போகிற பாதையில் இருந்த அரிசி மில்லுக்குப் பின்புறக் குடிசைகளில் வாந்திபேதி கண்டது. நாலு நாளில் மூன்று பேர் போய்விட்டார்கள். ஐந்தாம் நாள் காலையில் கமிஷனர் சத்தியமூர்த்தி அவசரக் கூட்டம் போட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை போடுகிறவர். அன்றைக்குச் சவரம் செய்யாத முகத்தோடு வந்து, தானே எழுதிய தீர்மானத்தை நின்றபடி வாசித்தார்.

எல்லோரும் காலரா ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்டவருக்குச் சீட்டு தரப்படும். சீட்டு இல்லாதவர் மில்லிலோ, சந்தையிலோ, ரேஷன் கடையிலோ நுழையக் கூடாது. சுகாதார ஊழியர்கள் எந்த வீட்டுக்குள்ளும் புகுந்து பார்க்கலாம், ஊசி போடலாம். கமிஷனர் தேவை என்று நினைக்கும் மற்ற நடவடிக்கைகளையும் எடுக்கலாம்.

"சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம்," என்றார் சேர்மன்.

சொர்ணவல்லியின் கைதான் முதலில் எழுந்தது. அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, காலையில் மாவாட்டிக்கொண்டிருந்த அம்மாவைச் சாயங்காலம் பாயில் சுற்றித் தூக்கிப் போனார்கள். வாந்திபேதி என்ற சொல்லைக் கேட்டாலே அந்த ஆட்டுக்கல்லில் பாதி அரைபட்டுக் கிடந்த மாவு அவள் கண்ணுக்கு வந்துவிடும். அன்றைக்குத் தாளை வாசிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. எல்லோருக்கும் முன்னால் போய்க் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டாள். ஹெல்த் இன்ஸ்பெக்டர் வீரணன் அவள் பேரை நோட்டில் எழுதி, நீல நிறச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். பத்து நாள் கழித்து இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று.

கிணறுகளுக்கு மருந்து போட்டார்கள், குடிசை குடிசையாக ஏறி இறங்கினார்கள். கார்த்திகை முடிவதற்குள் நோய் அடங்கிவிட்டது. தை பிறந்தது, பொங்கல் முடிந்தது, ஊர் அதை மறந்தும் போனது.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை சொர்ணவல்லி சந்தைக்குப் போனாள். சந்தை வாசலில் குறுக்கே கயிறு கட்டி, மேசை போட்டு ஒரு காவல்காரன் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் கயிற்றைத் தூக்கி வழி விட்டான். அவள் உள்ளே போய் நாலு எட்டு வைப்பதற்குள் பின்னால் சத்தம் கேட்டது.

"சீட்டு எங்க? சீட்டு இல்லாட்டி அங்குட்டுப் போ."

"இந்தா இருக்குய்யா. பாரு."

மில்லில் நெல் அவிக்கிற அக்கம்மாள், முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தது சீட்டில்லை. நீலம் கரைந்து, பிசைந்த சோறு போல ஆகிவிட்ட காகிதக் கூழ்.

"இதுல ஒரு எழுத்தாச்சும் தெரியுதா? போயி புதுசா ஊசி போட்டுச் சீட்டு வாங்கிட்டு வா."

அக்கம்மாள் சொர்ணவல்லியைப் பார்த்துவிட்டாள். "மெம்பரம்மா, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா? நெல்லு அவிக்கிற தொட்டியத் திறந்தா ஆவி உடம்பெல்லாம் அடிக்குது. மடியில வச்சாலும் நனையுது, தலைத்துணியில வச்சாலும் நனையுது. கூரையில செருகி வச்சேன், எலி தின்னுருச்சு. சீட்டுப் போகப் போக ஊசி போடுறாக. ஏழு ஆச்சு. இன்னைக்குப் போட்டா எட்டு."

"ஏழா?" என்றாள் சொர்ணவல்லி. தப்பாகக் காதில் விழுந்துவிட்டதோ என்று நினைத்தாள்.

அக்கம்மாள் ரவிக்கைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். இடது புஜம் கொழுக்கட்டை போல வீங்கி, தொட்டால் சுட்டது. "போன வாரம் போட்டது. ஒவ்வொரு ஊசிக்கும் ரெண்டு நா காய்ச்சல். கையத் தூக்க முடியலன்னா நெல்ல எப்படி அள்ளுறது?"

"நோட்டுல எழுதியிருப்பாகளே?"

"எழுதுறாக மெம்பரம்மா. ஒவ்வொரு தடவையும் எம்பேரத்தான் எழுதுறாக."

சொர்ணவல்லிக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. அவளுடைய சீட்டு வீட்டில் தகர டப்பாவில், கொடுத்த அன்றைக்கு இருந்த மடிப்போடு கிடக்கிறது. நாலு மாதமாக வாராவாரம் இந்த வாசலில் நுழைகிறாள். ஒரு தடவைகூட யாரும் கேட்டதில்லை.

"ஏப்பா, எங்கிட்ட ஏன் சீட்டுக் கேக்கல?" என்று காவல்காரனிடம் கேட்டாள்.

அவன் சிரித்தான். "உங்களப் பாத்தாத் தெரியாதா?"

"என்ன தெரியும்?"

அவன் கயிற்றின் முடிச்சைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டான். அக்கம்மாளுக்கு வேண்டிய வெங்காயத்தையும் புளியையும் சொர்ணவல்லியே உள்ளே போய் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். ஆனால் அன்று முழுவதும் அவள் கேட்ட அந்தக் கேள்வி அவளை விடவில்லை. பாத்தா என்ன தெரியும்?

மறுநாள் வீரணனின் அறைக்குப் போனாள். மருந்து வாசனையும் பழைய நோட்டுகளின் வாசனையும் கலந்த சின்ன அறை. அவர் நோட்டைப் புரட்டிக் காட்டினார். அக்கம்மாள் என்ற பேர் ஏழு இடத்தில் இருந்தது. ஒரு இடத்தில் இரண்டு ஊசிக்கும் நடுவே நாலே நாள்.

"ரெண்டு ஊசி போட்டா எம்புட்டு நாள் தாங்கும்?"

"ஆறு மாசம் தாங்கும்னு கணக்கு."

"அப்ப மூணாவது ஊசி எதுக்கு?"

வீரணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது உடம்புக்கு இல்ல மெம்பரம்மா. சீட்டுக்கு."

அவர் தானாகவே சொன்னார். "அக்கம்மா கையப் பாத்துட்டு ஒரு தடவை ஊசி போடாமச் சீட்டு மட்டும் குடுத்தேன். சீட்டு ஒண்ணு கிழிஞ்சா மருந்து ஒண்ணு குறையணும். குறையலன்னு மெமோ குடுத்துட்டாக. நா என்ன செய்ய?"

"நோயி போயி மூணு மாசமாச்சு. இன்னும் எதுக்கு இது?"

"நிறுத்தச் சொல்லி உத்தரவு வரலையே."

"யாரு சொல்லணும்?"

"கமிஷனர் சார்தான் சொல்லணும்."

கமிஷனர் சத்தியமூர்த்தி அவளை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்துக் கொடுத்தார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "நான் எப்படிம்மா நிறுத்துறது? அது கூட்டம் போட்ட தீர்மானம். நிறைவேத்துறது மட்டும்தான் என் வேலை. சேர்மன்கிட்ட கேட்டுப் பாருங்க."

சேர்மன் ஏகப்பன் செட்டியார் காரில் ஏறப் போகிற நேரம். "அட, நீ ஒண்ணு. நம்ம கையில என்ன இருக்கு? எல்லாம் மேலிடத்து லெட்டரு," என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரிடம் கேட்டால் கமிஷனர். கமிஷனரிடம் கேட்டால் சேர்மன். சேர்மனிடம் கேட்டால் மேலிடம். கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் சொர்ணவல்லிக்குக் கோபத்தைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது. ஒரு ஊரையே கயிறு கட்டி நிறுத்தி வைத்திருக்கிற ஒன்று எங்கேயிருந்து புறப்பட்டது என்று பார்த்துவிட வேண்டும். திரும்ப ஆபீசுக்குள் போய்க் குமாஸ்தாவிடம் கேட்டாள்.

"சார், அந்த மேலிடத்து லெட்டரப் பாக்கலாமா?"

பைல் கிடைக்க மதியமாகிவிட்டது. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். இரண்டு வரி பிடிபட்டது, மூன்றாவது பிடிபடவில்லை. தாளை எடுத்துக்கொண்டு கமிஷனரின் மேசைக்கே போனாள்.

"இந்த வரிக்கு என்ன சார் அர்த்தம்?"

அவர் வேறு எதையோ எழுதிக்கொண்டே, ஓரக்கண்ணால் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். "நோய் கண்ட பகுதியில் இருப்பவர்களுக்கு... நோய் நீடிக்கும் காலம் வரை..." பேனா நின்றது. தாளை அவள் கையிலிருந்து வாங்கி மறுபடி வாசித்தார். பக்கத்தைத் திருப்பினார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

"சந்தையில கயிறு கட்டச் சொல்லியிருக்காகளா சார்?"

"இல்ல."

"ரேஷன் கடை?"

"இல்ல."

"வீட்டுக்குள்ள புகுந்து ஊசி போடச் சொல்லி?"

"அதுவும் இல்ல." அவர் கடிதத்தை மேசையில் வைத்தார். "அன்னைக்கு மூணு பிணத்தைப் பாத்துட்டு வந்து உக்காந்து எழுதினேன்மா. எது எது தோணுச்சோ அத்தனையும் எழுதினேன். அப்புறம் இந்த லெட்டரை நான் திரும்பப் பாக்கவே இல்ல."

"எழுதுனது நீங்க. ஒத்துக்கிட்டது?"

அவர் பைலில் அடுத்த தாளைப் புரட்டி அவள் பக்கம் நகர்த்தினார். அது தீர்மானத் தாள். அடியில் பதினாறு கையெழுத்துகள். எட்டாவதாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, உருண்டை உருண்டையாக, சொர்ணவல்லி.

தேடிக்கொண்டு வந்தது கடைசியில் தன் பேரில் வந்து நிற்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. தாளை இரண்டு தடவை வாசித்தாள். தொடங்குகிற தேதி இருந்தது. முடிகிற தேதி என்று ஒன்று எங்குமே இல்லை. யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அக்கம்மாளின் புஜத்தில் தேவையில்லாமல் இறங்கிய ஐந்து ஊசிகளை அவளும் பதினைந்து பேரும் சேர்ந்துதான் போட்டிருந்தார்கள்.

"நாளைக்கே ரத்துத் தீர்மானம் கொண்டு வந்துடறேன்மா," என்றார் கமிஷனர். வெட்கப்பட்ட மனிதரின் குரல்.

"இதை ரத்துப் பண்ணிருவீக சார். அடுத்த தடவை நோயி வந்தா?"

"வந்தா... வேற தீர்மானம்."

"அன்னைக்கும் அவசரந்தானே இருக்கும்?"

அவர் பைலை மூடி நாடாவைக் கட்டினார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தாளும் பென்சிலுமாகவே இருந்தாள். ஆசைத்தம்பி வேலையை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். "ஊசி வேணாம்னா எழுதுற?"

"ஊசி வேணாம்னு எவ சொன்னா? வேணும். எங்கம்மாவுக்கு அன்னைக்கு ஒருத்தன் வந்து போட்டிருந்தா, இன்னைக்கு உங்களத் திட்டுறதுக்கு அவுக இருந்திருப்பாக."

"அப்புறம் என்னதான் எழுதுற?"

"போடச் சொல்ற கைக்கு அளவு எம்புட்டுன்னு எழுதுறேங்க."

பங்குனிக் கூட்டத்தில் அந்த ஊசித் தீர்மானத்தை ஒரே நிமிஷத்தில் ரத்துச் செய்தார்கள். பிறகு சேர்மன் தாளைப் பார்த்துக் கண்ணாடியை மேலே ஏற்றினார். "சொர்ணவல்லி என்னமோ எழுதிக் குடுத்திருக்கு. சொல்லு, கேப்போம்."

அவள் எழுந்து நின்றாள். நாலு வருஷத்தில் முதல் தடவை என்பதால் மற்றவர்கள் விசிறுவதை நிறுத்தினார்கள். அவள் எழுதியிருந்தது மூன்றே விஷயம். நோய்க் காலத்தில் போடுகிற எந்த உத்தரவும் நாற்பத்தைந்து நாளில் தானாகச் செத்துவிட வேண்டும், நீட்ட வேண்டுமானால் கூட்டம் மறுபடி கூடி, காரணம் கேட்டுக் கை தூக்க வேண்டும். நோட்டில் பேர் இருந்தால் போதும், சீட்டுத் தொலைந்ததற்காக யாருக்கும் ஊசி போடக் கூடாது, ஊசி போடாதவருக்கும் சோற்றையும் வேலையையும் நிறுத்தக் கூடாது. நோயாளி உள்ளே இருந்தால் ஒழிய, வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் கதவைத் திறக்கக் கூடாது.

கமிஷனர் மரியாதையாகத்தான் எதிர்த்தார். "முதல் ரெண்டுக்கும் நான் குறுக்கே நிக்கலை. மூணாவதுக்கு நிக்கிறேன். போன ஐப்பசியில ஒரு கதவை உடைச்சோம். உள்ளே ரெண்டு குழந்தைங்க வாந்தி எடுத்து மயங்கிக் கிடந்தது. அப்பன்காரன் பயந்துபோய்ப் பூட்டி வச்சிருந்தான். தூக்கிக்கிட்டு ஓடினோம், ரெண்டும் பொழைச்சுது. உள்ளே நோயாளி இருக்கான்னு கதவைத் திறக்காம எப்படிம்மா தெரிஞ்சுக்கிறது?"

அந்த இரண்டு குழந்தைகளையும் சொர்ணவல்லிக்கும் தெரியும். ஒன்று இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

"தெரியல சார்," என்றாள் உண்மையாகவே. "ஆனா ஊசி போடுறதுக்காகக் கதவை உடைக்கிறதும், நோயாளியத் தூக்குறதுக்காக உடைக்கிறதும் ஒண்ணு இல்லைன்னு மட்டும் படுது."

"அவசரத்துல அதெல்லாம் பிரிச்சுப் பாக்க முடியாதும்மா."

முதல் விஷயம் பத்துக்கு ஆறு என்று நிறைவேறியது. இரண்டாவதற்கு எல்லோரும் கை தூக்கினார்கள். மூன்றாவது தோற்றது, ஒன்பதுக்கு ஏழு. தோற்றதில் அவளுக்கு வருத்தம்தான். ஆனாலும் தன்னையும் சேர்த்து ஏழு பேர் கை தூக்கினார்களா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அடுத்த ஆவணியில் நோய் திரும்ப வந்தது. தகவல் வந்த அன்றே கூட்டம் கூடியது, அன்றே உத்தரவு போட்டார்கள், முடிகிற தேதியையும் அதே தாளில் எழுதினார்கள். இத்தனைக்கும் பாதி நாள்கூட ஆகவில்லை. வீரணன் நோட்டோடு மில் வாசலில் உட்கார்ந்தார். அக்கம்மாள் மூன்று நாள் அந்தப் பக்கமே வரவில்லை. நாலாம் நாள் வந்து, நோட்டில் தன் பேர் எழுதியாகிவிட்டதா, சீட்டு வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, வலது கையை நீட்டினாள்.

இரண்டாவது வாரம் மூட்டை தூக்குகிற செம்மலை செத்துப்போனான். நாற்பது வயது, எருது மாதிரி உடம்பு. இந்தத் தடவை ஊசி போட்டுக்கொள்ளாதவன்.

கமிஷனர் சொர்ணவல்லியைக் கூப்பிட்டு அனுப்பினார். குற்றம் சொல்லவில்லை. "தெரியப்படுத்தணும்னு தோணுச்சு," என்று மட்டும் சொன்னார். அது குற்றம் சொல்வதைவிடப் பாரமாக இருந்தது. சோற்றை நிறுத்தியிருந்தால் செம்மலை பசிக்குப் பயந்தாவது வந்து கை நீட்டியிருப்பானோ? அதை நிறுத்தக் கூடாது என்று எழுதியவள் அவள்தானே? மறுநாள் காலையில் செம்மலையின் குடிசைக்கு நடந்தாள். என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பது, எது தெரிந்தாலும் தாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

செம்மலையின் மனைவி மெய்யம்மை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த கண்.

"ஊசின்னா அவுகளுக்குப் பயம்," என்றாள். "மூட்டையத் தூக்குவாக, பாம்பைக் கையால பிடிப்பாக, ஊசின்னா நடுங்குவாக. போன வருசம் வீட்டுக்குள்ள நாலு பேரு வந்து அமுக்கிப் பிடிச்சுப் போட்டாகல்ல, அதுல இருந்து ரொம்ப. இந்தத் தடவையும் வருவாகன்னு கண்மாய்க்கரையில போயிப் படுத்துக்கிட்டாக. அஞ்சு நாளு. சோறு நாந்தான் கொண்டு போவேன்."

"தண்ணி?"

மெய்யம்மை நிமிர்ந்து பார்த்தாள். "கண்மாய்லதானே கிடந்தாக."

ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பானா? வீட்டில் இருந்து, மருந்து போட்ட கிணற்றுத் தண்ணீரைக் குடித்திருந்தால் பிழைத்திருப்பானா? சொர்ணவல்லி வீரணனிடம் போய்க் கேட்டாள். "ஊசி போட்டவுகள்ல பாதிப் பேருக்குத்தான் அது நல்லாப் பிடிக்கும். அவரு எந்தப் பாதின்னு யாரு சொல்ல முடியும்?" என்றார் அவர். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது என்று அவளுக்குப் புரிந்தது. தெரிந்ததை மட்டும் கமிஷனரிடம் போய்ச் சொன்னாள், மெய்யம்மை சொன்ன வார்த்தைகளிலேயே.

"கதவைத் திறக்கிற அதிகாரம் என் கையில இருந்துது," என்றார் அவர். "அந்தாளு கதவுக்குப் பின்னால இல்லையே."

நாற்பத்தைந்தாம் நாள் நெருங்கியபோது இரண்டு கிராமங்களில் நோய் இன்னும் அடங்கவில்லை. கூட்டம் கூடியது. அந்த இரண்டு கிராமங்களுக்கு மட்டும் இன்னும் முப்பது நாள் நீட்டிக்க வேண்டும் என்று கமிஷனர் கேட்டார். எந்தத் தெருவில் எத்தனை பேர் என்று சொர்ணவல்லி விசாரித்தாள். வீரணன் நோட்டைப் பார்த்துச் சொன்னார். அவள் சம்மதித்தாள். மற்றவர்களும் சம்மதித்தார்கள். தாளில் இன்னொரு வரியும் இருந்தது. அதைக் கமிஷனரே சேர்த்திருந்தார். வீடுகளுக்கு ஊசி போடப் போகிறவர்கள் முதல் நாளே அந்தத் தெருவில் சொல்லிவிட வேண்டும், அந்தத் தெருப் பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும், வேண்டாம் என்று சொல்கிற ஆளை அமுக்கிப் பிடிக்கக் கூடாது.

"இது தோத்துப்போன தீர்மானமில்ல?" என்றார் சேர்மன்.

"அது வேற, இது வேற," என்றார் கமிஷனர், அவள் பக்கம் பார்க்காமல்.

முப்பது நாளும் முடிந்தது. முடிந்த நாளுக்கு மறுநாள் காலையில் வீரணன் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு சொர்ணவல்லியின் வீட்டு வாசலுக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

"மெம்பரம்மா, ஒரு சிக்கல்."

"என்னாச்சு? நோயா?"

"இல்ல. மில்லுல இருந்து பதினோரு பேரு வந்து நிக்கிறாக. தஞ்சாவூர்ப் பக்கம் நடவுக்குப் போறாகளாம். அங்குட்டு நோயி இன்னும் இருக்குன்னு கேள்விப்பட்டு, ஊசி போட்டுவிடுங்கன்னு வந்திருக்காக. மெய்யம்மைகூட நிக்கிது. மருந்து கையில இருக்கு. ஆனா உத்தரவு நேத்தோட முடிஞ்சு போச்சே. கமிஷனர் சாரு மதுரைக்குப் போயிட்டாரு." சைக்கிள் கைப்பிடியை விடாமலே கேட்டார். "உத்தரவு இல்லாம ஊசி போடலாமா?"

சொர்ணவல்லிக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். இருபது வருஷமாக ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு உத்தரவைப் பார்த்து வந்த மனிதர். அந்தக் கேள்வி அவருக்கு நிஜமான கேள்விதான். யோசித்துப் பார்த்தால் தனக்கும் அதற்கு உடனே பதில் தெரியவில்லை என்பது அவளுக்கு வியப்பாக இருந்தது. இத்தனை மாதமாக, வேண்டாம் என்கிறவர்களைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். வேண்டும் என்று தானாக வந்து நிற்கிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

"இருங்க, வர்றேன்," என்று உள்ளே போய்த் தீர்மானத்தின் நகலை எடுத்து வந்தாள். வாசலிலேயே நின்று முதல் வரியிலிருந்து வாசித்தாள். வீரணனும் தலையை நீட்டி அவளோடு வாசித்தார். உள்ளேயிருந்து ஆசைத்தம்பி உளியைக் கீழே வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தான்.

"கேட்டு வர்றவுகளுக்குப் போடக் கூடாதுன்னு எங்கயும் எழுதல," என்றாள்.

"போடலாம்னும் எழுதலையே?"

"அதுக்கு எதுக்குங்க எழுதணும்? அவுக கை, அவுக கேக்குறாக. நோட்டுல ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல, கேட்டு வந்து போட்டுக்கிட்டாகன்னு ஒரு வார்த்தை எழுதிருங்க. சார் வந்து கேட்டா நானும் கூட இருந்தேன்னு சொல்றேன்."

வீரணன் சைக்கிளைத் திருப்பினார். சொர்ணவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தாள். பதினோரு பேரும் எப்படி ஒன்றாகக் கிளம்பி வந்தார்கள், முதலில் போகலாம் என்று சொன்னது யார் என்று அவர்களிடம் கேட்க வேண்டும் போலிருந்தது.